ஐந்தரை மணி

விசாரணை ஜன்னலில் என் வேலை
கழிப்பறைக்கு வழி சொல்வது,
தொலைந்த கையுறைகளை ஜோடி சேர்ப்பது,
பிறகு நாளுக்கு ஏழெட்டு முறை
"வால்ரஸ் எங்கே?" என்பவர்களைச் சமாளிப்பது.

அதற்கென்று அச்சடித்த வாக்கியம் ஒன்று தந்திருக்கிறார்கள்:
இந்த இனத்தை இனி நாங்கள் வைத்துக்கொள்வதில்லை.
படித்து முடிக்குமுன்
செத்துவிட்டதா என்பார்கள்.
ஆமாம், ஆல்கே செத்துவிட்டாள்,
மார்ச்சில், ஆலங்கட்டி பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை.
இன்னொருத்தி வேண்டாம் என்பது
அதற்குப் பிறகு, மாடி அறையில்,
பிஸ்கட் தட்டைச் சுற்றி உட்கார்ந்து எடுத்த முடிவு.
இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல
எனக்கு இன்னும் வரவில்லை.

ஃபோக்கோ துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர்.
நாற்பது டன் பெட்டியை
முட்டை வைப்பதுபோல் கப்பலில் வைக்கிற கை
காலித் தொட்டியின் கம்பியில்
என்ன செய்வதென்று தெரியாமல் கிடக்கும்.
கோட்டுப் பையில் ஒரு ஹெர்ரிங் மீன், செய்தித்தாளில் சுற்றி.
பெங்குவினுக்குப் போடுங்களேன் என்றேன்.
"அதற்கு மீசை இல்லையே."

யான்னெஸுக்கு ஆறு வயது. அவளைப் பார்த்ததே இல்லை.
அஞ்சலட்டையில் மட்டும் பார்த்தவனுக்குத்தான்
எல்லாரையும்விட ஏக்கம் அதிகம்.
கடையில் மீந்த பஞ்சு வால்ரஸைப் பாதி விலைக்கு வாங்கி
தொட்டியைப் பார்க்கத் தூக்கிப் பிடித்தான்.

எனக்கும்தான்.
மழைக்கு முன் அவள் அடிக்கும் விசில்,
குளித்தாலும் போகாத அந்த மூச்சின் மீன்வாடை,
என்னைப் பார்த்த சிவந்த கண்,
டிக்கெட் வாங்காமல் என்னைப் பார்த்த ஒரே கண்.

தெருவுக்கு அப்பால் நான்காம் மாடியிலிருந்து
ஹில்லா மைண்டர்ஸ் கடிதம் எழுதியிருந்தார்.
"தினமும் ஐந்தரைக்கு உங்கள் பக்கமிருந்து
டொக், டொக் என்று கேட்கும்.
அதைக் கேட்டுத்தான் உருளைக்கிழங்கை அடுப்பில் வைப்பேன்.
பதிவு செய்த ஒலி ஏதாவது இருந்தால்
மாலையில் கொஞ்சம் போடமுடியுமா?"

மருத்துவர் நெர்மினிடம் கேட்கப் போனேன்.
அவர் பேசாமல் கீழ் இழுப்பறையைத் திறந்தார்.
எக்ஸ்ரே படங்கள். நாள் எழுதிய பைகள்.
தையல்காரர் விரலில் மாட்டுவதுபோல்
ஒரு எஃகுத் தொப்பி, நுனி நசுங்கி.

"பனியில் தந்தத்தை ஊன்றி மேலே ஏறுவார்கள்.
இங்கே ஏற ஒன்றுமில்லை.
வாளி வரும் நேரம் நெருங்க நெருங்க
சுவரில் இடிப்பாள்.
பதினேழு வருஷம், மூன்று உறை,
கடைசியில் வேரோடு பிடுங்கினோம்.
அதற்குப் பிறகும் இடித்தாள், வெறும் ஈறால்.
அது உங்கள் தெருவுக்குக் கேட்டிருக்காது."

இழுப்பறையை மூடியபோது
உள்ளே தொப்பி உருண்டது.

பதிலை மூன்று முறை எழுதினேன்.
முதலாவதில் வருந்துகிறோம் இருந்தது.
இரண்டாவதில் பதிவு இல்லை என்ற பொய்.
மூன்றாவதில் ஒரே வரி:
நீங்கள் கேட்டது அவள் பல் தேய்ந்த சத்தம்.
அதை அனுப்பிவிட்டு
இரண்டு வாரம் அந்தத் தெரு வழியாக நடக்கவில்லை.

பதில் வந்தது, மளிகைச் சீட்டின் பின்பக்கம்:

"ஏதோ சரியில்லை என்று நினைத்திருக்கிறேன்.
சிரிக்காதீர்கள்.
மரக்கரண்டியால் ஜன்னல் கட்டையில்
நானும் திருப்பித் தட்டுவேன்,
அவள் இரண்டென்றால் இரண்டு, மூன்றென்றால் மூன்று.
அவளுக்குக் கேட்டிருக்குமா?
மருத்துவரிடம் விசாரித்துச் சொல்லவும்."

விசாரிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள் நான்.
கடிதம் கையுறைப் பெட்டியில் இருக்கிறது,
ஜோடி கிடைக்காதவற்றோடு.

நேற்று ஐந்தரைக்கு ஜன்னலை இறக்கினேன்.
நான்காம் மாடியில் விளக்கு எரிந்தது.
பென்சிலால் மேசையில் இரண்டு முறை தட்டிவிட்டு
கொஞ்ச நேரம்
சாவியை எடுக்காமல் நின்றேன்.